வாப்பா எண்ணெய் பூசிய டயர்கள்

ஸைனுலாப்தீன் வீட்டில் எண்ணெய் காணாத பொருள் எதுவும் கிடையாது. வாசல் கேற் பிணைச்சல், பூட்டு, தையல் மெசின், கிணற்றுக் கப்பி, சைக்கிள் செயின் என்று எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்ற கையோடு எண்ணெய் வைத்துவிடுவார். வாலிப வயதிலிருந்து கிண்ணியாக் கரையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தியவர். கடற்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையோரத்தில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். அவர் வீட்டில் கொஞ்சம் கூடுதல். அலுமாரியைத் திறந்துவிட்டுக் கையை முகர்ந்தால் தேங்காயெண்ணெய் மணக்கும்.

காரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கொரோனாக் காலத்திலும், பிறகு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அந்தப் பழைய கார் கொட்டிலுக்குள்ளேயே கிடந்தது. ஓடாத காரைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கதவுக்கும் பொனற்றுக்கும் எண்ணெய் வைத்தவர், ஒருநாள் துணியில் மிஞ்சியதை டயரிலும் தடவினார். டயர் கரிய பளிங்கு போல மினுங்கியது. அந்த மினுக்கம் பிடித்துப்போய், பிறகு டயருக்கென்றே தனியாக எண்ணெய் எடுக்கத் தொடங்கினார். ஒழுங்கையால் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "காக்கா, நேத்துத்தான் கடையில இருந்து எடுத்தீங்களோ?" என்று கேட்பார்கள். அவர் இன்னொரு தடவை துடைப்பார்.

அவருடைய மகள் ரிஸ்லா அந்தக் குடும்பத்தில் கம்பஸ் போன முதல் ஆள். பூகோளத்தில் பட்டம் எடுத்து வந்தபோது வீட்டில் பிரியாணிச் சட்டி ஏறியது. அதோடு சரி. பட்டதாரி நியமனம் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று சொன்னார்களே தவிர வரவில்லை. விண்ணப்பங்கள் அனுப்பி அலுத்த ஒரு காலையில் அவள் வாப்பாவிடம் கார்த் திறப்பைக் கேட்டாள்.

"ஓட்டிப் பழகப் போறியா?"

"ஓட்டி உழைக்கப் போறன்."

அவர் திறப்பை எடுத்துக் கொடுத்தார். ஊர் என்ன பேசும் என்ற கேள்வியை உம்மாதான் கேட்டாள். ஊர் பேசியது, பிறகு ஊரே ஏறவும் வந்தது. கிண்ணியாவிலிருந்தும் திருகோணமலை டவுனிலிருந்தும் குச்சவெளிப் பக்கம் படிப்பிக்கப் போகும் நான்கு ஆசிரியைகளுக்குப் பெண் ஒருத்தி ஓட்டும் கார் பெரிய வசதியாக இருந்தது. கிண்ணியாப் பாலம் தாண்டி, டவுனில் லிங்கநகரில் தனுஷிகா டீச்சரை ஏற்றி, நிலாவெளி கடந்து கரையோர வீதியில் போவாள். இதற்கா படித்தோம் என்று சில நாட்களில் தோன்றும். படிக்காமல் இருந்திருந்தால் வாப்பாவிடம் திறப்பைக் கேட்கத் துணிவு வந்திருக்குமா என்றும் தோன்றும். இரண்டுக்கும் அவளிடம் முடிந்த முடிவு இல்லை.

ஒரு சனிக்கிழமை, பாடசாலை வளவுச் சேறு அப்பியிருந்த காரைக் கழுவ உட்கார்ந்தாள். வெறும் தண்ணீருக்குச் சேறு போகவில்லை. சவர்க்காரத் தூளைக் கரைத்து, பிரஷ்ஷால் டயரை உரசினாள். சேற்றோடு எண்ணெயும் போனது. மினுக்கம் போன இடத்தில், டயரின் பக்கச் சுவர் முழுக்க, கோடை காலத்துக் குளத்து அடித்தரை போல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. மற்ற மூன்றையும் உரசிப் பார்த்தாள். அவையும் அப்படியே. நகத்தால் அழுத்தினாள். ரப்பர் மெழுகு மாதிரி நகத்தின் அடையாளத்தை வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தது.

ஆனால் வீதியில் படும் பகுதியில் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. தேய்மானமே இல்லை. தேயாத டயரை யாராவது மாற்றுவார்களா? கைபேசியில் தேடினாள். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் டயர் செய்த வாரம், கடைசி இரண்டும் வருடம் என்றும், பத்து வருடத்தை நெருங்கிய டயரை எவ்வளவு பள்ளம் இருந்தாலும் நம்பக்கூடாது என்றும் போட்டிருந்தது. குனிந்து பார்த்தாள். கடைசி இரண்டு இலக்கங்களும் 15. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்றும் அதே பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் இரண்டாம் தடவை வாசிக்கவில்லை.

டவுனில் புது டயர் விற்கும் ஒருவரிடம் கேட்டாள். அவர் கதிரையை விட்டு எழும்பாமலே, "நாலையும் மாத்துங்க தங்கச்சி" என்றார். கிண்ணியாவில் டயர் ஒட்டுகிற அன்ஸார் நானா, கார் வெளியே நிற்க உள்ளேயிருந்தே பார்த்து, "பள்ளம் இரிக்கித்தானே, இன்னும் ரெண்டு வருசம் கண்ண மூடிட்டு ஓடலாம்" என்றார். ஒருவர் விற்கிறவர், மற்றவர் ஒட்டுகிறவர். இருவரும் டயரைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் மட்டும் உண்மையாகப் பார்த்தேனா என்று வரும் வழியில் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கைபேசியில் படித்ததால் வெடிப்பு பெரிதாகத் தெரிகிறதா? வீட்டுக்கு வந்து, வெயிலில் இன்னொரு முறை முழங்காலில் நின்று பார்த்தாள். வெடிப்பு வெடிப்பாகவே இருந்தது. அந்தக் கணத்தில் முடிவு எடுத்துவிட்டாள். வாப்பாவிடம் சொல்வதுதான் மிச்சம்.

ஸைனுலாப்தீன் அப்போது எண்ணெய்ப் போத்தலோடுதான் வந்தார்.

"கழுவினா சொல்லுறல்லியா? காயுறதுக்கு முன்ன பூசணும்."

"வாப்பா, டயர் பழுதாப் போச்சு."

"எது?"

"நாலும்."

அவர் சிரித்தார். "பள்ளத்துக்குள்ள விரல வெச்சுப் பாரு. இந்தக் கிண்ணியாவில இப்பிடி டயர் ஆர்ட்ட இரிக்கி?"

"பள்ளம் இரிக்கி. ரப்பர்தான் செத்துப் போச்சு."

"ஓடாத டயர் எப்பிடிப் புள்ள சாகும்? ஓடினாத்தானே தேயும்."

"தேயாமலே வயசு போய்ட்டு வாப்பா. இதுல தேதி அடிச்சிரிக்கி, பாருங்க."

"கம்பஸ்ல டயரப் பத்தியும் படிப்பிச்சாங்களோ?"

"இல்ல. இது நான் கண்ணால பாத்தது."

"அப்ப இவ்வளவு காலமும் துடைச்ச நான் குருடன்."

அதற்குப் பதில் சொல்லப் போனால் எண்ணெய் ரப்பரைக் கெடுத்த கதையும் வந்துவிடும். "டயர் மாத்துற வரைக்கும் நான் கார எடுக்க மாட்டன்" என்று மட்டும் சொன்னாள். அவர் போத்தலை மூடிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் உம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஆசிரியைகளுக்குச் சொல்வது இன்னொரு பாடு. அவர்களில் மூத்தவர் பஸ்மியா டீச்சர். அவர் சொல்வதைத்தான் மற்றவர்கள் கேட்பார்கள். ரிஸ்லா அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னாள்.

"டயர் வெடிச்சிரிக்கா?" பஸ்மியா டீச்சர் தேயிலையை வடித்தபடியே கேட்டார். "நாங்க நாலு பேரும் ஏறினா எந்த டயரும் வெடிக்கும்தான். எங்கட பாரத்துக்கு டயரக் குத்தம் சொல்லாத."

"பகிடி இல்ல டீச்சர். நிலாவெளி தாண்டினா நான் ஓடுற வேகம் உங்களுக்குத் தெரியும். அந்த வெயில்ல ஒரு டயர் வெடிச்சிட்டா நான் உங்கட வீட்டுக்கு என்ன பதில் சொல்லுற?"

"இவ்வளவு நாளும் ஓடினதுதானே."

"இவ்வளவு நாளும் நான் பாக்கல்ல. இப்ப பாத்துட்டன்."

பஸ்மியா டீச்சர் தேயிலை வடியைக் கீழே வைத்தார். "சரி. இந்தக் கிழமை பஸ்ஸில போறம். ஆனா ஒண்டு சொல்லுறன். ஒரு வான்காரன் தன்ட வானில ஏறச் சொல்லி எங்களக் கேட்டுக்கொண்டே இரிக்கான். ரெண்டு பஸ் மாறி நிண்டு போக மத்தவங்களுக்கு ஏலாது. திங்கக்கிழமையும் கார் வரல்லியெண்டா அவங்க அந்தப் பக்கம் போயிருவாங்க. என்னாலயும் புடிச்சு வைக்க ஏலாது."

அந்த நால்வரையும் விட்டால் காரைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுத் திரும்பவும் விண்ணப்பம் எழுத வேண்டியதுதான். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. காலையில் ஆசிரியைகள் பஸ் ஏறும் நேரத்துக்கு விழிப்பு வந்தது. திறப்பு ஆணியில் தொங்கியது. உள்ளூரில் மெதுவாக ஓடினால் என்ன, குச்சவெளிக்குக்கூட ஆறுதலாகப் போனால் என்ன என்று மனம் பேரம் பேசியது. எழும்பி முகம் கழுவினாள். திறப்பை எடுக்கவில்லை. உம்மா தான் மாதாமாதம் கட்டிவந்த சீட்டுக் காசை முன்கூட்டியே எடுத்துத் தந்தாள். அது இரண்டு டயருக்குத்தான் காணும்.

அந்த வாரம் முடியும்போது ஸைனுலாப்தீனே வாய் திறந்தார். "ஒண்டக் கழட்டச் சொல்லு. உள்ளுக்குப் பாத்துட்டு நான் சொல்லுறன். பழுதில்லையெண்டா நீ திங்கக்கிழமை ஓட்டணும்."

"பழுதெண்டா?"

"பாப்பமே."

அன்ஸார் நானாவின் கடை நடை தூரம்தான். ஆமை வேகத்தில் அங்கே கொண்டுபோனார்கள். முன் டயர் ஒன்றைக் கழற்றி, காற்றை விட்டு, இரும்புச் சில்லிலிருந்து உரித்து எடுத்தார் அன்ஸார் நானா. முதலில் சலிப்போடுதான் செய்தார். டயரை நிமிர்த்தி, முழங்காலால் பக்கச் சுவரை உள்ளே மடித்தபோது அவர் முகம் மாறியது. நூல் போல இருந்த வெடிப்புகள் வாய் திறந்தன. ஒரு இடத்தில் ரப்பருக்கு அடியிலிருந்த நூலிழை வெள்ளையாகத் தெரிந்தது.

"அல்லாஹ்வே, இதுலயா குச்சவெளிக்குப் போய் வந்த?" என்றார். ரிஸ்லா அவரைப் பார்த்தாள். "நான் பள்ளத்தத்தான் பாத்தன் தங்கச்சி" என்று அவரே சொன்னார்.

ஸைனுலாப்தீன் குந்தியிருந்து டயரைத் திருப்பினார். காரின் உள்பக்கம் பார்த்திருந்த சுவரைத் தடவினார். பிறகு தான் எண்ணெய் பூசிய வெளிப்பக்கத்தைத் தடவினார். உள்பக்கம் காய்ந்து விறைத்திருந்தது. வெளிப்பக்கம் அவர் பெருவிரலுக்கு அமுங்கியது. திரும்பவும் உள்பக்கம், திரும்பவும் வெளிப்பக்கம். எஞ்சின் திருத்திய கை அது. வித்தியாசம் அதற்குத் தெரியாமல் போகாது.

"எண்ணெயாலயா?" என்று கேட்டார். மகளைப் பார்க்கவில்லை.

வயது என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். பாதி உண்மைதான்; மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை புது டயருக்கும் போத்தலைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"இந்தப் பக்கம் எண்ணெ படல்ல வாப்பா. இதும் வெடிச்சிரிக்கி. அது வயசு. அந்தப் பக்கம் அமுங்குறது எண்ணெயால. ரப்பருக்கு அது ஆகாது. வெடிப்ப மினுக்கம் மறைச்சும் போட்டுது."

"எத்தின பேர் பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தனும் சொல்லல்லியே."

"மினுங்குற டயருக்கு ஆர் காக்கா குறை சொல்லுவாங்க" என்றார் அன்ஸார் நானா.

ஸைனுலாப்தீன் எழும்பி, சாரத்தில் கையைத் துடைத்தார். "மத்த மூண்டையும் கழட்டு" என்றார்.

நான்கும் கடை வாசலில் சாய்ந்து நின்றபோது அன்ஸார் நானா குரலைத் தாழ்த்தினார். "காக்கா, இத எனக்குத் தாங்க. ஊருக்குள்ள ஓடுற ஒருத்தன் பழைய டயர் தேடுறான். பாத்தா புதுசு மாதிரித்தானே இரிக்கி. இதுக்குத் தாறதோட சீட்டுக் காசையும் சேத்தா நாலு புது டயரும் இண்டைக்கே பூட்டலாம். திங்கக்கிழமை கார் ஓடும்."

திங்கட்கிழமை என்ற சொல் ரிஸ்லாவை ஒரு கணம் பிடித்து நிறுத்தியது. வாங்குகிறவன் யாரென்று தெரியாது. தெரியாதவன் என்பதால் பாரம் குறைகிறதா என்று பார்த்தாள். குறையவில்லை. வாயைத் திறப்பதற்குள் வாப்பா கடைக்குள் போய், ரப்பர் வெட்டும் கத்தியோடு வந்தார்.

"புடி" என்றார். அவள் டயரை அழுத்திப் பிடித்தாள். அவர் பக்கச் சுவரில் கத்தியை இறக்கி, தன்னை நோக்கி இழுத்தார். எண்ணெய் குடித்த ரப்பர் லேசாகவே பிளந்தது. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அதைப் பக்கத்தில் உருட்டிவிட்டு, அடுத்ததைக் காட்டினார். அன்ஸார் நானா, "நல்ல சாமான, காக்கா…" என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டு, மூன்றாவதைத் தானே தூக்கிவந்து வைத்தார்.

கடைசி டயரைப் பிடித்திருக்கும்போது கைபேசி அடித்தது. பஸ்மியா டீச்சர்.

"திங்கக்கிழமை வருவியா?"

"இல்ல டீச்சர். ரெண்டு டயருக்குத்தான் வழி இரிக்கி. மத்த ரெண்டும் வரும் வரைக்கும் கார் ஓடாது. நீங்க வானில போறதெண்டாப் போங்க. நான் குறை நினைக்க மாட்டன்."

மறுபக்கத்தில் பஸ்மியா டீச்சர் செருமினார்.

"போகத்தான் வேணும். அதுக்கில்ல. நீ சொன்ன நாளில இருந்து பஸ்ஸிட டயரயும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் ஏறுறன். தனுஷிகா சிரிக்கிறா. அந்த வானிட டயரயும் ஒருக்கா வந்து பாத்துச் சொல்லன். நீ சரியெண்டாத்தான் நாங்க ஏறுவம். உன்ட கார் ரெடியானா திரும்பி வந்துருவம்."

ரிஸ்லா வெட்டிய டயரிலிருந்து கையை எடுத்தாள். "வான்காரன் எத்தின மணிக்கு டீச்சர் வீட்ட நிப்பார்?" என்று கேட்டாள்.