இரண்டு பேர் பாரம்

என் அத்தானுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் நின்றாலே போதும், உள்ளே ஆள் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார். கம்பி இழுபடுகிற சத்தத்திலேயே தெரியுமாம். "எத வேணா மறைக்கலாம் மச்சான், பாரத்த மறைக்க முடியாது" என்பார். எதையும் இரண்டு தரம் பார்க்காமல் விடமாட்டார். வீட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை வந்துவிட்டு, திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்ப்பார். அதுவரை முனையில் நிற்கும் என் அக்கா, "பூட்டு சௌக்கியமா இருக்கா?" என்று விசாரிப்பாள்.

அக்கா பஸ் டிப்போவில் டிக்கெட் பதிவு செய்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே காலத்தைத் தள்ளியவள். அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருக்கும். பஸ் போகும் ரோடெல்லாம் சிவப்புக் கோடு. மலையைத் தாண்டி ஓர் ஏரிக்குப் போகும் ஜல்லி ரோடு மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கும். யாராவது அதைக் காட்டிக் கேட்டால், "அங்க பஸ் போகாதுங்க" என்று சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனாள். ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊர்ல இருக்கிற அத்தன பேரையும் எங்கெங்கயோ அனுப்பியாச்சு. இனிமே நான் போகணும். அந்தப் புள்ளி ரோட்ல."

அதற்காகத்தான் அத்தான் அந்த பைக்கை வாங்கினார். நில அளவை செய்கிற ஒருவர் காடுமேடெல்லாம் ஓட்டித் தீர்த்த பழைய அட்வென்ச்சர் பைக். ஒட்டகம் மாதிரி உயரம். அக்கா ஸ்டூல் போட்டுத்தான் ஏறினாள். "இது வண்டியா, மாடிவீடா?" என்று கேட்டாள். அத்தான் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

பிறகு ஆரம்பித்தது வேலை. மனிதர் வண்டியின் உயிரை வாங்கினார், கூடவே என் உயிரையும். வழுக்கை டயர்களைக் கழற்றிவிட்டுக் கட்டை கட்டையாக இருக்கும் டயர்களைப் போட்டார். காற்று வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவினார். ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டி, சத்தம் ஒத்துவராததை முறுக்கினார். கல் தெறித்து இன்ஜின் உடையாமலிருக்க அடியில் தடித்த அலுமினியத் தட்டு ஒன்றை அடித்து மாட்டினார்.

கடைசியில் நின்றது பின்பக்க ஸ்பிரிங். ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டி அளவாக அமுங்க வேண்டும். கூடுதலாக அமுங்கினால் பள்ளத்தில் அடி தட்டும். அமுங்காமல் விறைத்து நின்றால் ஒவ்வொரு கல்லுக்கும் குதிக்கும், ஜல்லியில் சக்கரம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர், இருவர் பாரத்துக்கும் தக்கபடி ஸ்பிரிங்கை முறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். இதற்கு மூன்று பேர் தேவை. இரண்டு பேர் ஏறிக்கொள்வார்கள். மூன்றாவது ஆள், சக்கரத்து அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே அக்காவின் நகப்பாலிஷில் வைத்த புள்ளி வரை இஞ்ச் டேப்பைப் பிடிக்க வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நான்தான், வேறு யார் அகப்படுவார்கள்?

முதல் தடவை கச்சிதமாக வந்தது. அவர் தனியாக ஏறியபோது ஒரு விரற்கடை, இருவரும் ஏறியபோது மூன்று விரற்கடை அமுக்கம்.

"அப்போ கிளம்பலாமா?" என்றாள் அக்கா.

"பெட்டி ரெண்டையும் மாட்டிட்டு இன்னொரு தரம் பாத்துடலாம்."

சாமான் பெட்டிகள் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. பக்கத்துக்கு ஒன்றாக மாட்டி மறுபடி அளந்தோம். இன்னும் அதிகமாக அமுங்கியிருக்க வேண்டும். ஆனால் குறைவாக அமுங்கியது. "டேப்ப சரியா புடிச்சியா?" என்று என்மேல் பாய்ந்தார். சரியாகத்தான் பிடித்திருந்தேன். ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். அடுத்த மாதம் பார்த்தால் வண்டி மறுபடி தூக்கிக்கொண்டு நின்றது.

"ஸ்பிரிங் இறுகுதா என்ன? கேள்விப்பட்டதே இல்லையே" என்று தாடையைச் சொறிந்தார். பின்பக்கத்து பேரிங் இறுகியிருக்கும் என்று முடிவுகட்டி, மொத்தத்தையும் பிரித்துத் தரையில் பரப்பினார். பேரிங் எல்லாம் வெண்ணெய் மாதிரி சுழன்றது. அதற்கும் கிரீஸ் அடைத்தார்.

அக்கா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் வாங்கித் தந்த தடித்த பைக் ஜாக்கெட்டை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. புதுச்சட்டைக் குழந்தை மாதிரி என்று நாங்கள் சிரித்தோம்.

"என்னங்க, இப்படியே போயிடலாமே. கொஞ்சம் குதிச்சா குதிச்சுட்டுப் போகுது."

"நீ விழுந்தா யாரு பாக்கிறது? சரியாகட்டும், போலாம்."

"சரியாகிட்டா சரி" என்றாள்.

ஒரு ஞாயிறு காலை, அக்கா உள்ளே தலைவாரிக்கொண்டிருந்தாள். அத்தான் தனியாக வண்டியில் ஏறி, சுவரைப் பிடித்து நேராக உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் அள மச்சான்" என்றார். ஸ்பிரிங்கையும் முதல் நாள் வைத்திருந்த அளவுக்கே திருப்பியிருந்தார். பெட்டிகளையும் கழற்றியிருந்தார். அளந்து சொன்னேன். முதல் நாள் அவர் தனியாக ஏறியபோது என்ன வந்ததோ, அதுவேதான். ஒரு நூல் பிசகவில்லை.

அவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை. சுவரில் வைத்த கையையும் எடுக்கவில்லை. முகம் சுண்டிப்போனது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவர் பாரமும் குறையவில்லை. அப்படியானால் குறைந்தது எது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

அக்கா ஜாக்கெட்டோடு வாசலுக்கு வந்தாள். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள்.

"அதக் கழட்டு" என்றார் அத்தான்.

கழற்றினாள். உள்ளே என் அக்கா பாதிதான் இருந்தாள். பாவாடை நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தாள்.

"எப்போலேர்ந்து?"

"பெட்டி மாட்டுறதுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரு. உள்ள ரொம்ப பரவிடுச்சாம். சொன்னா நீங்க வண்டிய மூடிப் போட்டுட்டு என்ன ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவீங்க. போயிட்டு வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன்." ஜாக்கெட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, "இவ்ளோ நாள் இழுப்பீங்கன்னு நெனக்கல" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

அவள் சொன்னபடியே நடந்தது. வண்டியைத் தார்ப்பாயால் மூடினார், ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். கட்டிலில் கிடந்தபோதும் ஒருமுறை, "ஸ்பிரிங் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். மழை தொடங்கும் முன்பே போய்விட்டாள்.

எனக்கு அவர்மேல் கோபம். ஒளிப்பானேன்? அந்தக் கோபம் இன்றும் முழுதாகப் போகவில்லை. லிஃப்டில் முன்பின் தெரியாதவன் ஏறினால் தெரிகிறது, கூடவே படுத்து எழுந்தவள் கரைவது தெரியவில்லையே. ஆனால் அந்த வீட்டில் தனியாகச் சோறு வடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தபின் வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் தார்ப்பாயை எடுத்தார். தனியாகப் போகிற ஆளுக்கு ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும். தளர்த்தவில்லை.

"ஒத்த ஆளுக்கு இது தூக்கித் தூக்கிப் போடும் அத்தான். இடுப்பு ஒடிஞ்சிடும்."

"ஒடியட்டும். அவ எடம் அப்படியே இருக்கட்டும்."

விடியற்காலையில் ஏரிக்குக் கிளம்பியவர் மறுநாள் மாலை திரும்பி வந்தார். நான் வாசலில் நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் புழுதி, அதில் கண்ணீர் ஓடிய தடம்.

"ரோடு எப்படி?"

"நல்ல ரோடு மச்சான். ரொம்ப நல்ல ரோடு. ஏரி வரைக்கும் கெட்டியா சமப்படுத்தி வெச்சிருக்கான். ஒருத்தன் ஓட்டை ஸ்கூட்டர்ல பொண்டாட்டிய பின்னால வெச்சுக்கிட்டு, பேசிக்கிட்டே என்னத் தாண்டிப் போறான்."

அப்படியே தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார். அந்த அலுமினியத் தட்டை அங்குலம் அங்குலமாகத் தடவினார். இரண்டாம் தரமும் தடவினார்.

"ஒரு கீறல் இல்ல மச்சான்" என்று வாய்விட்டு அழுதார். "ஒரு கீறல்கூட இல்ல."