திருக்கை நகரத்தின் வெறுங்கால் காவலர்கள்

என் நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். திருக்கை நகரத்துக் காவலர்கள் ஏன் செருப்புப் போடுவதில்லை? காவல்காரன் என்றால் காலில் பூட்ஸ், கையில் லத்தி என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள்?

நானும் முதலில் பூட்ஸ்தான் போட்டுவிட்டேன். அதைக் கழற்றியது பாம்பன் கடலில் ஒரு படகு நிறைய இருந்த பெண்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கடலில் பாசி எடுக்கிறவள். பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியை மூழ்கிக் கையால் பறித்து, கரையில் உலர்த்தி விற்பார்கள். அய்யா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். நான் இராமநாதபுரத்தில் கல்லூரியில் தமிழ் படித்தேன், முதல் வகுப்பில் தேறினேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு அதைவிட இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட, கேட்காமலே சொல்லுவாள்.

கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில் கைபேசியில் ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தேன்; பின்னால் நாவலானது அதுதான். அதில் வருவதுதான் திருக்கை நகரம். தீவு அளவுக்குப் பெரிய ஒரு திருக்கை மீன். அதன் முதுகில் ஒரு நகரம். வீதி, சந்தை, குளம், கொடிமரம் எல்லாம் உண்டு. மீன் நீந்த நீந்த நகரமும் போய்க்கொண்டே இருக்கும். காலையில் மன்னார் வளைகுடாவில் விழித்தவர்கள் மாலையில் வேறு கடலில் விளக்கேற்றுவார்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவளுக்குக் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வீட்டில் அவளுக்கு நேரம் கிடைக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் பெண்கள் எல்லாரும் ஒரே படகில் பாறைக்குப் போவார்கள். நானும் கூடப் போவேன். போகும் வழியில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அந்தக் கதையைச் சொல்லுவேன். நீளமான வாக்கியங்கள் பாதியிலேயே காற்றில் போய்விடும். என் வாக்கியங்கள் சின்னதானது அப்படித்தான். விமர்சனம் எழுதிய ஒருவர் என் நடையில் ஒரு சிக்கனம் இருக்கிறது என்றார். எஞ்சினுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நாள் காவலர்களை வர்ணித்தேன். காக்கி உடை, விசில், பளபளக்கும் பூட்ஸ். எனக்குத் தெரிந்த காவல் அவ்வளவுதான். பாலத்தடியிலும் பேருந்து நிலையத்திலும் பார்த்ததைத்தான் எழுதியிருந்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்தாள். சித்தி அம்மாவின் தங்கை. படகில் வாய் அதிகம் அவளுக்குத்தான்.

"ஏடி, மீன் முதுகுல பூட்ஸைப் போட்டு மிதிச்சா அதுக்கு வலிக்காதா? முங்கிருச்சுன்னா ஊரே போச்சுல்ல."

படகு முழுக்கச் சிரிப்பு. ஆனால் எனக்கு அது பெரிய வெளிச்சமாக இருந்தது. அன்றே பூட்ஸைக் கழற்றினேன். திருக்கை நகரத்துக் காவலர்கள் வெறுங்காலோடு ரோந்து போனார்கள். காலடியில் மீனின் மூச்சு தெரியும். எங்கேயாவது அது நடுங்கினால் அங்கே ஓடுவார்கள். அந்த நகரத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தரையில் இரும்பு இறக்கக் கூடாது. வீடுகளைக் கயிற்றால்தான் கட்டவேண்டும்.

அந்தச் சட்டத்தை நான் தூரத்திலிருந்து எடுக்கவில்லை. பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதி அது. பாசியைக் கையால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். இரும்பால் சுரண்டினால் வேரோடு வந்துவிடும், அடுத்த வருஷம் பாறை மொட்டையாகக் கிடக்கும். இரும்பு கொண்டுவந்தவளுக்கு அந்தப் பருவம் முடியும்வரை படகில் இடமில்லை. இதைப் பார்த்துக்கொள்ள எந்த அதிகாரியும் வருவதில்லை. பெண்களே ஒருத்தியைத் தலைவியாக வைத்திருந்தார்கள். அந்தத் தலைவி என் அம்மா. குரல் பெரிது என்பதால் தேர்ந்தெடுத்தார்கள் என்று சித்தி கேலி செய்வாள்.

இன்னொரு நாள் கதையில் ஒரு கைம்பெண் வந்தாள். குழந்தைக்குத் தூளிக் கம்பை நிறுத்த வழியில்லாமல், யாருக்கும் தெரியாமல் தரையில் ஓர் ஆணி அடித்துவிட்டாள். மீன் நடுங்கியது. காவலர்கள் வந்து அவளைப் பிடித்து, திமிங்கல விலா எலும்பால் ஆன கூண்டில் வைத்தார்கள். அந்த இடத்தில் பாறை வந்துவிட்டது. மீதி அடுத்த முறை என்று சொல்லிவிட்டு எல்லாரோடும் தண்ணீரில் இறங்கினேன்.

அன்றைக்குத்தான் அது நடந்தது.

வேலை முடிந்து, இடுப்பில் கட்டிய வலைப்பைகளைப் படகில் கொட்டினோம். சித்தி கொட்டிய குவியலை அம்மா கையால் அளைந்தாள். பாசியின் அடியில் வேரும், வேரில் ஒட்டிய பாறைத் தூளும் இருந்தன. அம்மா தங்கையின் வலது கையைப் பிடித்து, விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு ரம்பத் துண்டு இருந்தது. அதன் கீழே இருந்த விரல்களை அப்போதுதான் பார்த்தேன். பாறை கிழித்த காயங்கள் சீழ் வைத்து வீங்கியிருந்தன. அந்த விரலால் ஒரு பூவைக்கூடக் கிள்ளியிருக்க முடியாது.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"பருவம் முடியட்டும். பெறகு வா," என்றாள் அம்மா.

சித்தி துணியை மறுபடி விரலில் சுற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். வாயாடி சித்தி அப்படி இருந்ததுதான் பயமாக இருந்தது. அவள் வீட்டில் சித்தப்பா இல்லை. பாசியை விட்டால் அவளுக்கு வேறு வேலை கிடையாது. திரும்பும் வழியில் யாரும் கதை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவும் சித்தியும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மா சமைப்பது மட்டும் இரண்டு வீட்டுக்குமாக ஆனது. தூக்குவாளியில் மீன் குழம்பை ஊற்றி என்னிடம் நீட்டுவாள். யாருக்கு என்று சொல்லமாட்டாள். ஒருநாள் அதோடு கொஞ்சம் மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் அரைத்து இலையில் மடித்து வைத்திருந்தாள். சித்தி தூக்குவாளியைக் கழுவி, வெறுமனே தரக்கூடாது என்று ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டுக் கொடுப்பாள். அவளும் யாருக்கு என்று சொல்லமாட்டாள். ஒரே தெருவில் இரண்டு நாடுகள். நடுவில் தூதுபோகிறவளாக நான்.

அன்று கீரையைப் போட்டுவிட்டு, மூடியைக் கையில் வைத்துக்கொண்டே சித்தி கேட்டாள்:

"அந்த ஆணியடிச்சவ இன்னும் கூண்டுலதான் கெடக்குறாளா?"

உண்மையில், அவளைக் கடலில் இறக்கிவிடுவதாகத்தான் எழுத நினைத்திருந்தேன். கைபேசியில் படிப்பவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மாவும் அதைத்தானே சொன்னாள். ஆனால் அம்மா குழம்பும் அனுப்பினாள்.

இரண்டையும் ஒரே கதைக்குள் வைக்க முடியுமா என்று பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். படித்த படிப்புக்கு எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, ஆனால் இதை என்னால் முடிக்க முடியும் என்று தோன்றியது. முடித்தேன்.

அடுத்த பௌர்ணமிக்குப் படகு கிளம்பியதும், யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தேன். சித்தியின் இடம் காலியாக இருந்தது. கதையில், காவலர்களின் தலைவி கூண்டருகே வருகிறாள். ஆணியை இறக்கியபோது உன் கைக்கு என்ன தெரிந்தது என்று கேட்கிறாள். மீன் வலியில் துடித்தது என் முழங்கைவரை ஏறியது என்கிறாள் கைம்பெண். காவலர்களுக்கு அந்த வலி காலால்தான் தெரியும். கையால் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். காவல் தலைவி கூண்டைத் திறக்கிறாள். வீடு வீடாகப் போய் மறைந்திருக்கும் ஆணிகளைத் தேடி எடுப்பது இனி உன் வேலை என்கிறாள். எல்லா ஆணியும் போகும்வரை உனக்குச் சொந்தமாக ஒரு வீடு கிடையாது என்பதுதான் தண்டனை.

அம்மா அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், எதிரில் இருந்த ஒரு அக்கா தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னாள்: "யக்கா, புள்ள சொல்றது நல்லாத்தான் இருக்கு."

"கதை வேற, கடல் வேற," என்றாள் அம்மா. மூழ்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தண்ணீரில் குதித்தாள்.

எனக்கு முகம் தொங்கிப்போனது. அன்று நான் பறித்ததெல்லாம் ஒரு கைப்பிடிதான்.

மறுநாள் விடியும்போது அம்மா வீட்டில் இல்லை. நான் கரைக்கு ஓடினேன். வழியில், சித்தி வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், உள்ளே போகவில்லை. உள்ளே இருப்பவளைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துப் பேசினாள்.

"பையில வேர் வருதான்னு பாக்க ஆளு வேணும். நான் முங்கிட்டு இருக்கையில யாரு பாக்குறது? கை வெளங்கலைன்னா என்ன, கண்ணு இருக்குல்ல. பருவம் முடியுறவரைக்கும் தண்ணியில எறங்கக்கூடாது. படகுலயே இருக்கணும்."

பாசி விற்ற பணத்தில் மற்றவர்களுக்கு உள்ள பங்கு உண்டு என்பதையும் வேலியிடம்தான் சொன்னாள். முந்தின நாள் மாலையே ஒவ்வொரு வீடாகப் போய் மற்ற பெண்களிடம் சம்மதம் வாங்கிவிட்டாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சித்தி வந்தாள். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டுப் படகில் ஏறினாள். படகின் முன்முனையான அணியத்தில், எல்லாரையும் பார்க்கும்படி, காலை நீட்டி உட்கார்ந்தாள். விரல்களில் மஞ்சள் பற்று. நாங்கள் இறங்கினோம். காலில் கட்டிய அலுமினியத் தட்டுகளை உதைத்து நீந்தி, மூழ்கி, பறித்து, திரும்பி வந்தோம்.

முதலில் பையைக் கொட்டியது அம்மா. சித்தி இடது கையால் குவியலைக் கிளறினாள். நிதானமாக, ஒரு கொத்தை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு வேர், அவசரத்தில் இழுபட்டு வந்தது.

"யக்கா, இது என்ன?"

அம்மா அந்தக் கொத்தைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். அவளுடைய பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கை தவறிருச்சு," என்றாள் மெதுவாக.

"தவறும். தலைவின்னா கூடுதலாப் பாத்துக் கிள்ளணும்," என்று சொல்லி, சித்தி அந்தக் கொத்தை மட்டும் கடலில் போட்டாள். மிச்சத்தைச் சாக்கில் தள்ளினாள். பிறகு அடுத்தவளுக்குக் கை நீட்டினாள்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உப்பில் சிவந்த கண்களில் சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. சித்திக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தாள்.

"இவளப் போயி காவலுக்குப் போட்டுட்டியேடி. இனி நம்ம கதி என்ன?"