வலி நின்ற பல்

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி கண்டபோது எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த அவரும் பால்குடம் எடுப்பதற்காகக் கையில் காப்புக் கட்டியிருந்தார். கட்டியவர் உடம்பில் கத்தி படக்கூடாது, ரத்தம் சிந்தக்கூடாது. முகச்சவரம்கூடக் கிடையாது.

இலுப்பூரில் ஒரு பல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்தவர், சொத்தை உள்ளே நரம்பு வரை போய்விட்டது, வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையென்றால் பிடுங்க வேண்டும் என்றார். அப்பா மஞ்சள் கயிற்றைக் காட்டினார். டாக்டர் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்து, திருவிழா முடிந்ததும் வரச் சொன்னார்.

அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. வலி மாத்திரை சரி. பல்லுக்குள் நரம்பு வீங்கியதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது என்று பிற்பாடு இன்னொரு டாக்டர் எனக்குச் சொன்னார். இவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் மாத்திரை எழுதாதவரை டாக்டர் என்றே மதிக்காத ஊர் எங்களுடையது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பால்குடம் எடுப்பதற்குள் வலி சுத்தமாக நின்றுவிட்டது. அப்பா வறுகடலையைக் கடித்துக் காட்டினார்.

“மாத்திரைக்கே கேட்டுருச்சுத்தா. இதுக்குப் போயி பல்லைக் குடையணுமாக்கும்?”

உள்ளே நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. காப்பை அவிழ்த்த கையோடு அப்பா விமானம் ஏறிவிட்டார்.

அதிலிருந்து குவைத் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் பார்சலில் முறுக்கு, ஊறுகாயோடு அந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டையும் சேர்ந்துகொண்டது. அம்மா பழைய சீட்டை நீட்டினால் மெடிக்கலில் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். தாடை வீங்கும்போதெல்லாம் அப்பா இரண்டு மூன்று மாத்திரை போடுவார். வீக்கம் வடிந்ததும் மிச்சத்தை எடுத்து வைத்துக்கொள்வார். அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் போனில் கத்துவேன். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்பார்.

கடைசியாக வீடியோ காலில் பார்த்தபோது வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. பேச்சு குழறியது. மறுவாரம் கிளம்பும் பக்கத்துத் தெருக்காரரிடம் மாத்திரை கொடுத்துவிடுவதாக அம்மா சொன்னாள். அவர் கிளம்புவதற்குள் அப்பாவோடு தங்கியிருந்தவர் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் மூச்சு அடைத்துவிட்டதாம்.

அப்பா பெட்டியில் வந்து சேர்ந்தார். பல்வலியில் ஒரு மனுஷன் சாவானா என்று துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். பல்லில் கட்டிய சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள், எங்களுக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்த பக்கத்துத் தெருக்காரர், அம்மா முன்பே கொடுத்து வைத்திருந்த பார்சலைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைப் பிரித்து, மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒரு வாரம் முன்னாடி குடுத்துவிட்டுருந்தா ஒங்கப்பா பொழைச்சிருப்பாரு. நான்தான் அசந்துட்டேன்.”

மாத்திரையால்தான் அவர் டாக்டரிடமே போகாமல் இருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பார்சலையும் கட்டியவள் அவள். ஒரு வாரம் தாமதித்த பழியே அவளுக்குப் போதும் என்று விட்டுவிட்டேன்.