அக்காவின் பெயரில் ஒரு விருது

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத எத்தனையோ மருத்துவர்கள் இருக்க, மிளகு வியாபாரம் செய்யும் தம்பி பேனாவைப் பிடித்திருக்கிறேன். அவர் இருந்தவரை வாய் திறக்காதவனுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது என்று உறவினர்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே படியுங்கள்.

அக்கா பிறந்தது மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் மணக்கும் தெருவில் ஒரு வாடகை வீட்டில். பாலக்காட்டிலிருந்து பிழைக்க வந்த அப்பா, அக்கா பள்ளியில் படிக்கும்போதே காலமானார். அம்மா அப்பளம் இட்டு விற்று எங்களை வளர்த்தார். அக்கா தினமும் படகேறி எர்ணாகுளம் போய்ப் படித்தார். மருத்துவரானார், அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரும் ஆனார். கல்யாணப் பேச்சோடு வந்தவர்களை, "மொதல்ல உங்களுக்கு பிரஷர் பாத்தேளா?" என்று கேட்டே விரட்டிவிட்டார்.

அவருடைய வார்டில் ஒரு சட்டம் உண்டு. இதயம் பலவீனமாகிக் காலில் நீர் கோத்தவர்களுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் கோடு போட்ட ஒரு குப்பி இருக்கும். அதற்கு மேல் ஒரு வாய் கிடையாது. கொச்சியின் புழுக்கத்தில், "டாக்டரே, ஒரு துள்ளி வெள்ளம்" என்று நாக்கு வறண்டவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கெஞ்சுவார்கள். அக்கா அசைய மாட்டார். அவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் அந்தக் கண்டிப்பு. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அவருக்குக் 'குப்பி டாக்டர்' என்றே பெயர்.

அக்கா ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கும்பளங்கியைச் சேர்ந்த ஷைனி என்ற பயிற்சி மருத்துவர் அவரிடம் வந்து சேர்ந்தார். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கும் இந்தக் குப்பி தேவைதானா, ஆராய்ந்து பார்க்கட்டுமா என்று நேரிலேயே கேட்டுவிட்டார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்து, "பாரு. என் மூஞ்சில கரி பூசறதா இருந்தாலும் திருத்தமாப் பூசணும். அரைகுறையாப் பண்ணினா விடமாட்டேன்" என்றாராம். சொன்னபடியே ஒவ்வொரு கட்டத்திலும் கேள்வி கேட்டு அந்தப் பெண்ணை வறுத்தெடுத்தார்.

முடிவு வந்தது. அந்த நோயாளிகளில் தாகத்துக்குக் குடித்தவர்கள் யாரும் அளந்து குடித்தவர்களைவிட மோசமாகவில்லை. அளந்து குடித்தவர்களுக்குத் தாகத்தால் தவித்ததுதான் மிச்சம். (இதைப் படித்துவிட்டு மாமாக்கள் யாரும் சொந்தப் புத்தியில் இறங்க வேண்டாம். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் அக்கா மேலிருந்து என்னைத்தான் திட்டுவார்.)

அக்கா ஓய்வு பெறும்போது, பழைய மாணவர்கள் அவர் பெயரில் பயிற்சி மருத்துவர்களுக்கு ஆராய்ச்சி விருது ஒன்றை நிறுவினார்கள். முதல் விருது பிரிவு உபசார விழாவிலேயே. நடுவர்கள் ஷைனியின் ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விழாப் பொறுப்பிலிருந்த பேராசிரியர், எங்களைப் போலவே பாலக்காட்டுத் தமிழர், பதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்த சாயாவைக்கூடத் தொடவில்லை.

"மேடம், ஷைனிக்கு அடுத்த வருஷம் குடுக்கலாம். உங்க விழாவுல, உங்க கையாலயே இதக் குடுத்தா உங்களுக்கு நாணக்கேடில்லையா?"

"அவ செஞ்சது சரியா, தப்பா?"

"சரிதான் மேடம்."

"அப்ப குடுங்கோ. என் மூஞ்சியப் பாத்துக் குடுக்கற விருதுக்கு என் பேரு வேண்டாம்."

விழா மேடையில் அக்கா மலையாளத்தில் பேசினார். தான் இத்தனை காலம் சரியென்று நம்பிச் செய்ததை இந்தக் குழந்தை கேள்வி கேட்டது, அதனால் இனி வருகிறவர்கள் தாகத்தில் தவிக்க வேண்டாம் என்றார். விருதைக் கொடுத்துவிட்டு, நிறைந்த சபையில் தன் மாணவியைப் பார்த்துக் கைகூப்பினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிளகில் ஈரம் இருக்கிறது என்று வாங்குபவர் சொன்னாலே மல்லுக்கு நிற்பவன் நான். இவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தேனா என்று இன்றும் வியக்கிறேன்.

சென்ற ஆண்டு அக்காவின் இதயமே பலவீனமாகி, அதே வார்டில் படுத்தார். பழைய நர்ஸ் ஒருவர், மேடத்துக்கு மரியாதை செய்வதாக நினைத்து, எங்கோ பத்திரப்படுத்தியிருந்த ஒரு கோடு போட்ட குப்பியைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தார். அங்கேயே மருத்துவராகிவிட்ட ஷைனி வந்தார், பரிசோதித்தார், காலில் நீர் கோக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குப்பியை எடுத்துவிட்டு ஒரு கூஜா நிறையத் தண்ணீர் வைத்தார். "மேடம், தாகம் எடுத்தா குடிங்க" என்றார்.

அக்கா ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு நன்னா இருக்குடா இந்த ஜலம். எத்தன பேர் எங்கிட்ட இதக் கேட்டா தெரியுமோ?" என்றார். கண்ணோரம் வழிந்ததை நான் துடைத்துவிட்டேன். சில நாட்களில் அமைதியாகப் போய்விட்டார்.

கடைசிவரை உடனிருந்த டாக்டர் ஷைனிக்கும், அன்பால் குப்பி வைத்த அந்த நர்ஸ் சகோதரிக்கும், வார்டு ஊழியர்களுக்கும், விருதை ஆண்டுதோறும் வழங்கிவரும் மாணவர்களுக்கும், தோள் கொடுத்த மட்டாஞ்சேரி அயலாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பிள்ளையில்லாத அக்காவுக்குக் கர்மம் செய்யும் பேறு எனக்கு வாய்த்தது. ஆலுவாவில் பெரியாற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டபோது, "போறும், இதுக்கும் ஒரு அளவு உண்டு" என்றார் சாஸ்திரிகள்.

"எங்க அக்காவுக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பெரியாற்றை அள்ளி அள்ளி விட்டேன்.