பூட்டு மாஸ்டரும் அந்த இருபது நிமிடமும்

எங்கள் வீட்டில் "இருபது நிமிடம்" என்று யாரும் வாய்தவறியும் சொல்லக்கூடாது. பஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றால் அம்மா "கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட" என்பார். மாமாவின் காதில் அந்தச் சொல் விழுந்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவரும் அப்பாவும் ஊரில் ஒரே கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடியவர்கள். மாமா முன்வரிசை, அப்பா பின்வரிசை. அவர்களைப் பழக்கியவரை முகத்துக்கு முன்னால் சேர் என்றும், முதுகுக்குப் பின்னால் பூட்டு மாஸ்டர் என்றும் கூப்பிட்டார்கள். எதிரணி கோல் போடாமல் பூட்டுவதைத் தவிர அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு அக்கறை கிடையாதாம். பின்வரிசைக்காரர் நால்வரையும் மாட்டுக் கயிற்றால் இடுப்பில் வரிசையாகக் கட்டி மைதானம் முழுக்க ஓட விடுவாராம். ஒருவன் தன்பாட்டில் ஓடினால் மற்ற மூவரும் குப்புற விழவேண்டியதுதான். இதை விளக்கிக் காட்டுவதற்காக அப்பா ஒருமுறை என்னையும் தம்பியையும் இரண்டு கதிரைகளையும் அம்மாவின் துணி காயப்போடும் கயிற்றால் கட்டினார். தம்பி தன்பாட்டில் ஓடினான். ஒரு கதிரைக்குக் கால் போனது.

மாமா பிரான்சில் இருந்தவரை இந்த வாக்குவாதம் டெலிபோனில் நடந்தது. பிறகு அவர் லண்டனுக்கு வந்து, கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவிலேயே வீடு எடுத்தார். டெலிபோன் பில் குறைந்தது, தேயிலைதான் நிற்குதில்லை என்று அம்மா சொல்வார். ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமா வருவார். பக்கத்து ஊரான மிச்சம் என்ற இடத்தில் கடை வைத்திருந்த அங்கிளும் வருவார். அவர் அதே கழகத்தில் மூன்று வருடம் இருந்தும் ஒருநாள்கூட மைதானத்தில் இறக்கப்படாதவர். ஆகையால் அவர் நடுவர்.

"பதினொரு ஆட்டம் மச்சான். ஒரு கோல் விழேல்லை" என்று அப்பா தொடங்குவார்.

"நாங்கள் எத்தினை போட்டனாங்கள்? ஆறு. பதினொரு ஆட்டத்தில ஆறு கோல். சனம் ஆட்டம் பாக்க வந்ததோ, நித்திரை கொள்ள வந்ததோ?" என்பார் மாமா.

அங்கிள் இரண்டு பக்கமும் தலையை ஆட்டுவார். அம்மா தேத்தண்ணியை யாருக்கு முதலில் கொடுக்கிறாரோ, அவர் பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஆட்டுவார்.

பதினொரு ஆட்டத்தில் கடைசி ஆட்டத்துக்கு வந்ததும் சத்தம் ஏறும். அது இறுதியாட்டம். மாமா ஒரு கோல் போட்டுவிட்டார். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து முன்வரிசைக் கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவும் மாமாவைப் பார்க்கவென்றே. ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிடம். பூட்டு மாஸ்டர் கையைக் காட்டி மாமாவை வெளியே கூப்பிட்டார். அவருக்குப் பதிலாக ஐந்தாவது பின்வரிசைக்காரனாக ஒருவனை உள்ளே அனுப்பினார். அந்த ஒருவன், அன்று வெளியே உட்கார வைக்கப்பட்டிருந்த அப்பா. கழகம் கிண்ணத்தை வென்றது. மாவட்ட அணிக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாமா பதக்கம் வாங்க மேடை ஏறவில்லை. மறுநாள் அப்பா அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். கேற்றைத் திறந்தது அம்மா. அதனால் நான் பிறந்ததற்கும் பூட்டு மாஸ்டர்தான் பொறுப்பு என்று அங்கிள் சொல்லுவார். நான் நல்ல புள்ளி எடுத்து வந்தால் அப்பா அதை மாஸ்டரின் கணக்கில் சேர்ப்பார். தட்டை உடைத்தால் மாமா சேர்ப்பார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் எனக்குப் பத்து வயது. அந்த வருடம் வன்னியில் சண்டை முடிந்தபோது மாஸ்டர் அதற்குள்தான் எங்கேயோ இருந்தார். மாதக்கணக்காகத் தகவல் இல்லை. ஜூனில் சுவிஸிலிருந்து பழைய விளையாட்டுக்காரர் ஒருவர் போன் எடுத்து, சேர் போய்விட்டார், உறுதியான தகவல் என்றார். அப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா குசினிக்குள் போய், கழுவி வைத்த ஒரு கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

அடுத்த ஞாயிறும் மாமா பத்து மணிக்கு வந்தார். தொடங்குவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரியான மனுசன். அவரைப்போல ஒருத்தர் இனி வரமாட்டார்" என்றார்.

அப்பா திடுக்கிட்டுப் போனார். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தானே, "யோசிச்சுப் பாத்தா, அண்டைக்கு உன்னை வெளியில எடுத்தது பிழைதான் மச்சான்" என்றார்.

"இல்லை. அவர் செய்ததுதான் சரி."

"இருபது நிமிசம் எல்லோ மச்சான்."

"கிண்ணம் கிடைச்சதுதானே" என்றார் மாமா.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மாமாவுக்கு ஏதோ பெரிய நோய்வருத்தம் வந்துவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அதன்பிறகு ஞாயிறுகளில் வீடு பரீட்சை மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. மூன்று பேரும் மாஸ்டரைப் புகழ்வார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், பேச ஒன்றும் இருக்காது. அங்கிள் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் தவித்தார். இரவில் படுக்கும்போது, மாமா நாளைக்காவது யாரையாவது ஏசவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொள்வேன்.

மூவரும் சேர்ந்து அஞ்சலிக் கூட்டமும் நினைவுக் கிண்ணமும் நடத்துவதென்று முடிவெடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்குத் துக்கம் வந்தாலும் ஒரு சுற்றுப்போட்டி வைக்காமல் ஆறாது. கழகத்தின் பழைய படத்திலிருந்து மாஸ்டரை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்தார்கள். படத்தில் அவர் தோளில் அந்தக் கயிறு கிடந்தது. மிச்சம் கடைத்தெருக் கண்ணாடிகளில் எல்லாம் ஒட்டினார்கள். கூட்டத்தில் பேசுவதற்கு என்னைப் பிடித்தார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கினால் வரும் வினை அது. அப்பா மூன்று பக்கம் எழுதித் தந்தார். "பின்வரிசையின் பெருஞ்சுவரே, பந்துகள் கண்டு அஞ்சிய பாறையே" என்று தொடங்கும். பாதி எனக்கு விளங்கவில்லை, ஆனால் முழுவதும் பாடமாக்கிவிட்டேன்.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு. அம்மா தம்பியோடு விம்பிள்டன் கோயிலுக்குப் போயிருந்தார். அப்பாவும் மாமாவும் பின்வளவில் கோல் வலையின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மாடிப்படியில் நின்று பாறையே, சுவரே என்று முழங்கிக்கொண்டிருந்தேன். டெலிபோன் ஒருமுறை அடித்து நின்றது. அந்த வருடம் எங்கள் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரியும், அப்படி அடித்து நின்றால் அங்கே அகதி முகாமிலிருந்து காசில்லாத யாரோ. நாங்கள்தான் திருப்பி எடுக்கவேண்டும். டெலிபோனுக்குக் கீழே வெளிநாட்டுக்குப் பேசும் கார்ட் ஒன்று எப்போதும் இருக்கும். நான் அதன் இரகசிய இலக்கத்தைச் சுரண்டி அழுத்தி, டெலிபோனில் விழுந்திருந்த இலக்கத்தையும் அழுத்தினேன். நாற்பத்தைந்து நிமிடம் இருக்கிறது என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்.

வயதான குரல் ஒன்று, "ஆர் பிள்ளை கதைக்கிறது?" என்று கேட்டது. அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"ஓ, என்ர ரைட் பேக்கின்ர மகளோ! நான் உங்கட அப்பான்ர மாஸ்டர். பூட்டு எண்டு சொன்னால் தெரியும்."

"நீங்கள் செத்திட்டீங்கள்" என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ஆர் சொன்னது?"

"சுவிஸ் அங்கிள்."

"அவன்தானே எங்கட கோல் கீப்பர். பந்து வரமுந்திப் பாய்ஞ்சிடுவான். இன்னும் திருந்தேல்லை" என்றார்.

பக்கத்துக் கூடாரப் பொடியனின் போன் அது. அவன் தண்ணீர் வரிசையில் நின்றான், திரும்பி வர நேரம் செல்லும். ஆகவே மாஸ்டர் ஆறுதலாகவே விசாரித்தார். அஞ்சலிக் கூட்டம் என்றதும், என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். நான் நிமிர்ந்து நின்று, மூன்று பக்கத்தையும் ஏற்ற இறக்கத்தோடு அவருக்கே சொல்லி முடித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"இவ்வளவும் ரைட் பேக் எழுதினதாய் இருக்கும். உங்கட மாமா என்ன சொன்னவர், அந்த முன்வரிசைக்காரன்?"

"நீங்கள் அவரை வெளியில எடுத்தது சரியெண்டு சொன்னவர்."



"அப்பிடியெண்டால் நான் உண்மையாய்ச் செத்துத்தான் போனன் பிள்ளை. ஓடிப்போய் அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பின்வளவுக்கு ஓடி, "செத்த மாஸ்டர் போனில நிக்கிறார்" என்று கத்தினேன். அப்பா அப்படியே நின்றார். மாமா ஓடினார். வலை அவர் காலில் சிக்கியது, விழுந்தார், எழும்பினார். வலையையும் இழுத்துக்கொண்டு, புல்லும் மண்ணுமாக அம்மாவின் கம்பளத்தின் மேல் வந்து ரிசீவரைப் பிடித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடக் கேள்விக்கு விடை வரப்போகிறது.

"சேர்" என்றார். முகமெல்லாம் நனைந்துவிட்டது.

"கேளுங்கோ மாமா, இருபது நிமிசம், கேளுங்கோ" என்று நான் கிசுகிசுத்தேன்.

"சேர், சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார் மாமா.

அதற்குப் பிறகும் அதேதான். என்ன சாப்பாடு, மருந்து கிடைக்கிறதா, கால் வீக்கம் எப்படி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். அப்பா வாங்கி இரண்டு வார்த்தை பேசி அழுதார். மாமா திரும்ப வாங்கி, ஓம் சேர், ஓம் சேர் என்று கொஞ்சநேரம் சொல்லிவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தார்.

அம்மா கோயிலால் வந்தபோது கம்பளத்தைப் பார்த்துக் கத்த வாயெடுத்தார். ஆனால் முன்னறையில் மாமா ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தார். "பந்தாட்டத்தைக் கெடுத்த மனுசன்! மைதானத்தில மாடு கட்டின மனுசன்! பதினொரு ஆட்டத்தில ஆறு கோல்!" அப்பா மேசையில் அடித்து, "ஒண்டு விழுந்ததோ? சொல்லு, ஒண்டு விழுந்ததோ?" என்றார். அம்மா வாசலிலேயே நின்று கேட்டார். விஷயத்தை நான் சொல்ல முந்தியே அவருக்கு விளங்கிவிட்டது. பிரசாதத்தோடு அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசானது. மாமாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கடைக் கண்ணாடிகளில் ஒட்டியதையெல்லாம் அன்றைக்கே போய் உரித்தோம். சுற்றுப்போட்டி குறித்த ஞாயிறில் நடந்தது. கிண்ணத்தில் வெட்டியிருந்த "நினைவு" என்ற எழுத்தின் மேல் மாமா கறுப்பு டேப் சுற்றினார். என் பேச்சு வேண்டாம் என்றார்கள். எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.

ஆனால் அதைவிடப் பெரிய பாரம் ஒன்று எனக்கு இருந்தது. அன்று பின்னேரம் அப்பா, "கேட்டியோ மச்சான்?" என்றபோது மாமா, "எங்க, கார்ட் முடிஞ்சு போச்சு" என்றார். என் மூன்று பக்கப் பேச்சுத்தான் கார்ட்டைத் தின்றுவிட்டது, என்னால்தான் மாமா கேட்கமுடியாமல் போனது என்று எனக்கு அழுகை வந்தது. ஒருவரும் பார்க்காத நேரம் அந்தக் கார்ட்டை எடுத்து இலக்கங்களை அழுத்தினேன். இன்னும் இருபத்து மூன்று நிமிடம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

மாமா அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பொடியனின் போனுக்கு எடுத்தார். சாப்பிட்டீங்களோ என்று கேட்டார். வைத்துவிட்டு வந்து அப்பாவோடு சண்டை பிடித்தார். ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று அவர் பயந்தது எனக்கு அப்போது தெரியாது. மாமாவுக்கு நேரம் பார்க்கத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.