எஸ்தர் அக்காவுக்கு முதல் வார்த்தையைக் கொடுத்தது நான்தான்

எஸ்தர் அக்கா போய்விட்டார். இன்று காலை ஜொகூர், ஸ்கூடாயில் அவர் வீட்டில், வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி... ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பதினோரு வருடம் ஒரே ஃபேக்டரி பஸ்ஸில் சிங்கப்பூருக்குப் போய் வந்தோம். எல்லைப் பாலத்தில் ஜாம் ஆகி நிற்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் அக்கா இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சபையிலும் பக்கத்து நாற்காலி.

உங்களில் நிறைய பேருக்கு அவரைத் தெரியும். நேரில் அல்ல... நான் போட்ட வீடியோவில்.

அந்த வீடியோவைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவின் மூத்த மகன் ஜோயலை, மாமாக் சாப்பாட்டுக் கடையில் நடந்த ஒரு சண்டையில் ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். அவன் பெக்கான் நானாஸ் ஊர்ப் பையன். தூக்குத் தண்டனை கொடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான்.

பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் பேசுவது எங்கள் சபை வழக்கம். யாருக்கு எது என்று பட்டியல் போடுவது என் வேலை.

எல்லோரும் ஐந்தாவதைத்தான் கேட்பார்கள். தாகத்தைப் பற்றியது, சின்னது, சீக்கிரம் முடிந்துவிடும். அக்காவும் அதைத்தான் கேட்டார். "எனக்கு தாகம் குடுத்துரு லா, ரெண்டு நிமிஷம் பேசிட்டு உக்காந்துருவேன்."

நான் முதல் வார்த்தையைக் கொடுத்தேன். தன்னைக் கொல்கிறவர்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் வார்த்தை. அக்கா வாயால் அது வந்தால் சபையே அசந்துபோகும் என்று நினைத்தேன். என் திமிர்... வேறென்ன.

அக்கா மேடை ஏறினார். எழுதி வந்த பேப்பரைப் பிரிக்கவே இல்லை. "என் மகனைக் கொன்னவனை நான் மன்னிச்சிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

சபை முழுக்க அழுகை. நானும் அழுதுகொண்டேதான் போனில் எடுத்தேன். அன்று சாயந்திரமே போட்டுவிட்டேன்.

எத்தனை ஷேர்... கமெண்டில் ஒரு பக்கம் பெரிய மனசு, நல்ல சாட்சி என்று புகழ்ச்சி. இன்னொரு பக்கம், இவர் யார் மன்னிக்க, அவனைத் தொங்க விட வேண்டும் என்று கோபம். அக்காவை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் அக்காவை வைத்து அடித்துக்கொண்டார்கள். நான் உட்கார்ந்து லைக் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு மலேசியாவில் சட்டம் மாறியது. கட்டாயத் தூக்கு இனி இல்லை, பழைய தண்டனைகளையும் கோர்ட் மறுபடி பார்க்கும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை அந்தப் பையனின் அம்மாவும் லாயரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த அம்மா போனில் என் வீடியோவை ஓடவிட்டு அக்கா முன்னால் நீட்டினாராம். தூக்கு வேண்டாம் என்று கோர்ட்டுக்குக் கொடுக்க லாயர் டைப் பண்ணிக் கொண்டுவந்த கடிதத்தின் முதல் வரியே, முழு மனதோடு மன்னித்துவிட்டேன் என்பது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

உள்ளே இருந்து சின்ன மகன் சாம் வந்தான். கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மாமாக் கடையில் குத்துப்பட்ட அண்ணனை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தவன் அவன். அவனை நான் எப்படிக் குறை சொல்ல?

அதற்குப் பிறகு அக்காவுக்குப் போக்கிடமே இல்லை. ஆராதனை முடிந்தால் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டாச்சா சிஸ்டர் என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போனால் சாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வீடியோவை எடுத்துவிடு என்று என்னிடம் கேட்டார். எடுத்தேன். அதற்குள் யார் யாரோ டவுன்லோட் பண்ணி அவரவர் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு நாள் பாலத்தில் பஸ் அசையவே இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன்.

"அலமாக்... ஒருத்தனை மன்னிச்சிட்டேன்னு சொல்லியே இப்படி மாட்டிக்கிட்டுக் கெடக்கிறேன். உன்னை வேறயா?" கையில் இருந்த கறிபாப்பைப் பிட்டுப் பாதியை எனக்குக் கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம்... அதே ஜாம். லாயர் கொடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றார். தானே தமிழில் ஒன்று எழுதி, ஜொகூர் பாருவில் இறங்கி லாயருக்கு போஸ்ட் பண்ணிவிட்டாராம். சாமுக்குத் தெரியாது. பாஸ்டருக்கும் தெரியாது.

என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நான் இன்னும் மன்னிக்கலன்னு எழுதினேன். ஆனா தூக்குல மட்டும் போட்டுறாதீங்கன்னு எழுதினேன்."

மன்னிக்கவில்லை என்றால் அப்புறம் ஏன் என்றேன்.

"அவனைத் தூக்குல போட்டுட்டாங்கன்னா, அப்புறம் நான் யாரை மன்னிக்கிறது? எனக்கு இன்னும் டைம் வேணும் லா."

அப்படியானால் சபையில் சொன்னது என்று இழுத்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ மேல ஏத்தி விட்டுட்ட. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. வேற என்னத்த சொல்லிட்டு எறங்குறது?"

ஸ்கூடாய் வந்து இறங்கும்போது அக்காவே சொன்னார். "பொய்யப் போட்டது நீதான். நெஜத்தையும் நீயே போடு. நான் இருக்கும்போது வேணாம்."

சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதுதானே...

அந்தப் பையனின் வழக்கு இன்னும் எடுக்கப்படவில்லை.

சாம், இதை நீயும் படிப்பாய். கோபம் வந்தால் நேராக என்னிடம் வா, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நாளை அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் கோபம் வேண்டாம்.

அடக்க ஆராதனை நாளை மதியம் இரண்டு மணிக்கு, எங்கள் சபையில். வருகிறவர்கள் தயவுசெய்து போனைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டுட்டேன் அக்கா... நீங்க போயிட்டு வாங்க.