சைலன்சர் வாயில் சல்லடை

பொம்பளை ஓட்டுகிற வண்டி மேடு ஏறாது என்று எங்கள் லோடு ஸ்டாண்டில் ஒரு முடிவு இருந்தது. முடிவெடுத்தவர்கள் அத்தனை பேரும் ஆம்பளைகள். லோடு கிடைக்காத நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என் வண்டியைப் பற்றிப் பேசுவதுதான் அவர்களுக்குப் பிழைப்பு. நான் பிக்கப் வண்டியைச் சொந்தமாக வாங்கிச் சொந்தமாக ஓட்டுகிறவள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து, அதாவது தொழிற்சாலையிலிருந்து, பண்டல்களை ஏற்றிப்போய் லாரி ஷெட்டில் இறக்குவது வருஷம் முழுக்க உள்ள வேலை. தை பிறந்தால் கயத்தாறு பக்கத்துக் கரிசல் காடுகளிலிருந்து உளுந்தும் மக்காச்சோளமும் ஏற்றுவேன். இந்த இரண்டில் ஒன்று போனாலும் வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அந்தத் தையில் அது கிட்டத்தட்ட நடந்தே விட்டது.

எங்கள் பக்கம் காட்டுப் பாதை பள்ளத்தில் கிடக்கும். தார் ரோடு மேட்டில் போகும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள். மூட்டை ஏற்றிய வண்டி காட்டிலிருந்து ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் செங்குத்தான ஒரு சரிவில் முக்கி முனகித்தான் ஏற வேண்டும். என் வண்டி பாதிச் சரிவில் கரும்புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோனது. எத்தனை தடவை ஸ்டார்ட் செய்தாலும் அதே கதை. கடைசியில் களத்து ஆட்கள் மூட்டைகளை இறக்கித் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காட்டுக்குச் சொந்தக்காரர் நல்ல மனுஷர். திட்டக்கூட இல்லை.

"இனிமே நான் வேற வண்டி சொல்லிக்கிடுதேன் தங்கச்சி. நீ தீப்பெட்டியே ஏத்து. அதுன்னா கனமிருக்காது."

திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன். இரக்கப்பட்டுப் பேசுகிறவரிடம் என்ன பேச முடியும்? பொருமிக்கொண்டே பைபாஸ் ரோட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டேன்.

ஒர்க்‌ஷாப் நடத்துகிற பாய் கேட்டதுமே வழி சொன்னார். "சைலன்சர அறுத்து எறிஞ்சிட்டு நேர் பைப்பு போட்டுருவோம்க்கா. லேப்டாப்ப மாட்டி டீசலக் கூட்டி விட்டா வண்டி பறக்கும். நீங்க வாரது ஊருக்கே கேக்கும்லா." செல்போனை எடுத்து அப்படி மாற்றிய ஒரு வண்டியின் சத்தத்தை வேறு போட்டுக் காட்டினார். காது அடைத்துப்போனது.

"எனக்குப் பறக்க வேண்டாம் பாய். மொதக் கியர்லயும் ரெண்டாவது கியர்லயும் இழுக்கணும். அவ்வளவுதான். அதோட இந்த வண்டி தீப்பெட்டி ஆபீஸ் கேட்டுக்குள்ளயும் போகணும்."

பாய் உதட்டைப் பிதுக்கினார். காரணம் எனக்கும் தெரியும். ஆபீஸுக்குள் மருந்தும் குச்சியும் காகிதமும் குவிந்து கிடக்கும். சைலன்சரிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் சைலன்சர் வாயில் கம்பி வலை கட்டாத வண்டியை உள்ளே விடமாட்டார்கள். என்ன வலை என்று யாரும் சொன்னதில்லை. கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் அண்ணாச்சி வைத்ததுதான் சட்டம். வலைக் கண்ணு சிறுசாக இருந்தால் அவருக்குத் திருப்தி. அதனால் இங்கே டிரைவர்கள் மாவுச் சல்லடை வாங்கி, வலையை அறுத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவார்கள். என் வண்டியில் அது இரண்டு மடிப்பு. அண்ணாச்சி மற்ற டிரைவர்களுக்கு மாதிரியாக என் சைலன்சரைத்தான் காட்டுவார்.

"அப்ப ரெண்டுல ஒண்ண விட்டுருங்கக்கா" என்றார் பாய். "இழுவை வேணும்னா ஆபீஸ விடுங்க. ஆபீஸ் வேணும்னா காட்ட விடுங்க."

"எதையும் விட மாட்டேன். நீங்க வேலையப் பாருங்க."

பைப்பை அளப்பதற்காக அவர் கிளாம்பைக் கழற்றினார். தீய்ந்த தோசை மாதிரி ஒன்று கையோடு வந்தது. அதுதான் சல்லடை. வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணில்கூட வெளிச்சம் தெரியவில்லை. அத்தனையும் கரி அடைத்துக் கிடந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் கரிசல் புழுதி கொட்டியது. இரண்டையும் எடுத்துவிட்டு, புது ஃபில்டர் மட்டும் போட்டு பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பாதி வியாதி போயிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஊரே சேர்ந்து வண்டியின் வாயைப் பொத்திவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று ட்யூனிங்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

வலையைத் தூர எறிவது சுலபம். பொறியை என்ன செய்வது? அது நிஜமான பயம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்கள் என் தெருக்காரர்கள். அதில் எனக்கு விளையாட்டே கிடையாது.

விடை கயத்தாறு டீக்கடை முன்னால் நின்றது. பெட்ரோல் டேங்கர் ஒன்று. அதன் சைலன்சர் முன்பக்கமாகத் திரும்பியிருந்தது. அதன் நுனியில் இரும்பு டப்பா ஒன்று மாட்டியிருந்தது. டிரைவர் டீ குடித்து முடிக்கிறவரை பொறுத்திருந்து கேட்டேன்.

"பொறி வெளிய வராம இருக்கதுக்கு" என்றார். "உள்ள தகட்டச் சுழிச்சு வச்சிருக்கு. பொறி சுத்திச் சுத்தி அணைஞ்சு அடியில விழுந்திரும். புகை அது பாட்டுக்குப் போயிரும். அப்பப்போ கழட்டிக் கரியக் கொட்டணும், அவ்வளவுதான்."

பாயிடம் வந்து அதைத்தான் வேண்டும் என்றேன்.

"பிக்கப்புல யாரும் இதப் போட்டதில்லக்கா."

"யாரும் போடலன்னா நான் போடக்கூடாதா?"

முணுமுணுத்துக்கொண்டே வரவழைத்தார். சைலன்சரை அறுக்க விடவில்லை. அறுத்தால் எஃப்.சி. தகுதிச் சோதனைக்குப் போகும்போது என்னைத்தான் நிறுத்தி வைப்பார்கள். நடுப் பைப்பை மட்டும் கொஞ்சம் அகலமாக்கி, நுனியில் அந்த டப்பாவைப் பொருத்தினார். ட்யூனிங்கும் செய்யச் சொன்னேன், ஆனால் என் இஷ்டப்படி. அவர் கூட்டிக்கொண்டே போக ஆசைப்பட்டார். நான் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எந்த அளவில் கரும்புகை தலைகாட்டியதோ, அதற்கு முந்தைய அளவில் நிறுத்தச் சொன்னேன். எரியாத டீசல்தான் கரியாகிறது, கரிதான் பொறியாகிறது. எனக்கு இரண்டும் வேண்டாம்.

ஸ்டாண்டுக்குள் நுழைந்தேன். வண்டியில் சத்தமே இல்லை. வேப்பமரத்தடி குலுங்கிச் சிரித்தது.

"ஏட்டி, இம்புட்டு வேலை பாத்தும் ஒன் வண்டி ஊமையாத்தான இருக்கு?"

"ஏட்டின்னு ஒன் வீட்டுல போய்க் கூப்பிடு. கத்துததுக்கு ஒன் வண்டி இருக்கு. என் வண்டிக்கு வேலை கெடக்கு."

வாய் பேசிவிட்டேன், ஆனால் ஆபீஸ் கேட்டில் மறிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். நினைத்தபடியே ஆனது. வாட்ச்மேன் அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு கையை நீட்டி மறித்தார்.

"வலை எங்க தாயி?"

"வலைக்குப் பதிலா டப்பா இருக்கு அண்ணாச்சி. டேங்கர்ல போடுதது."

"எனக்கு டேங்கரும் தெரியாது, டப்பாவும் தெரியாது. வலை இல்லேன்னா வண்டி உள்ள போவாது."

எனக்குப் பின்னால் ஸ்டாண்டு வண்டி ஒன்று சல்லடை கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. நான் இறங்கினேன். "அண்ணாச்சி, நீங்க பயப்படுதது வலைக்கா, பொறிக்கா?" என்று கேட்டேன். பொறிக்குத்தான் என்றார். அப்படியானால் வாருங்கள் என்று, ஆபீஸ் மதிலைவிட்டு ரொம்பத் தூரம், ரோட்டைத் தாண்டிய பொட்டலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வண்டி துடைக்க வைத்திருந்த கழிவுப் பஞ்சில் சுத்தமானதாகப் பார்த்து ஒரு குச்சியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். பஞ்சுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. அவர் அதை டப்பா வாயில் பிடிக்க, நான் ஆக்சிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தேன். பஞ்சு லேசாகப் பழுப்பேறியது. அவ்வளவுதான்.

"இப்போ அவிய வண்டியிலயும் பிடிச்சுப் பாருங்க" என்றேன்.

ஹாரன் அடித்தவர் நேரமாகிறது என்றார். அண்ணாச்சி விடாமல் அந்த வண்டியையும் பொட்டலுக்கு வரவழைத்தார். அந்த வண்டியை முடுக்கியதும் அடைத்துப்போன சல்லடையிலிருந்து கரித்துணுக்கு பெயர்ந்து தெறித்தது. பஞ்சில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்து படர ஆரம்பித்தது. அண்ணாச்சி அதைக் கீழே போட்டு செருப்பால் தேய் தேய் என்று தேய்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. இத்தனை நாள் எதைப் பாராட்டிக்கொண்டிருந்தோம் என்று யோசித்திருப்பார் போல. நேராகப் போய் கேட்டை எனக்குத் திறந்துவிட்டார். பின்னால் வந்த வண்டியை வெளியிலேயே நிறுத்தினார்.

பாதிப் பிழைப்பு தப்பியது. மீதியைத் தேடி மறுநாள் கூப்பிடாமலே கயத்தாறு காட்டுக்குப் போனேன். களத்தில் மக்காச்சோள மூட்டைகள் அடுக்கியிருந்தன. காட்டுக்காரர் சொல்லிவைத்த வேறு வண்டி இன்னும் வரவில்லை.

"ஏத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. ஏறலேன்னா மூட்டைய நானே தலையில சுமந்து ரோட்டுக்குக் கொண்டாரேன்."

காட்டுக்காரர் ஆட்களுக்குக் கை காட்டினார். முழு லோடு. சரிவுக்கு வந்ததும் இரண்டு பேர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க கல்லோடு பின்னால் ஓடிவந்தார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பாதிச் சரிவில், போன தடவை அணைந்த அதே இடத்தில், வேண்டுமென்றே பிரேக்கை மிதித்து ஹேண்ட்பிரேக்கையும் போட்டேன். லோடு வண்டிக்காரன் எவனும் செய்யாத காரியம் அது.

"என்ன தங்கச்சி, ஏறலியா?"

"ஏறும் அண்ணாச்சி. நீங்க பாக்கணும்னுதான் நிறுத்தினேன். கல்லக் கீழ போடச் சொல்லுங்க."

முதல் கியர். ஹேண்ட்பிரேக்கை விட்டேன். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல், கத்தாமல், புகைக்காமல், மூட்டைகளோடு ரோட்டில் ஏறி நின்றது.  

அவர் மேட்டேறி ஜன்னல் பக்கம் வந்து மூச்சு வாங்கினார். "நாளைக்கு வெள்ளன வந்துருதியா?"

"நாளைக்கு எனக்குத் தீப்பெட்டி லோடு இருக்கு அண்ணாச்சி. மறுநாள் வாரேன். அதுவரைக்கும் வேற வண்டி சொல்லிக்கிடாதீங்க."